லினக்ஸ் கெர்னலின் ஹெட்டர் சிக்கல்: 2,297 பேட்ச்கள் சொல்வது என்ன?

2022 ஜனவரி 2 அன்று, லினக்ஸ் இயக்கமுறைமையின் மையப்பகுதியான கெர்னலை எழுதுபவர்களில் ஒருவரான இங்கோ மோல்னார், மற்ற உருவாக்குநர்கள் முன் ஒரு பேட்ச் தொகுப்பை, அதாவது கோடில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பை, வைத்தார். மொத்தம் 2,297 பேட்ச்கள். அவை தொட்ட ஃபைல்கள் 25,000க்கும் மேல். இத்தனையும் சேர்ந்து கெர்னலுக்கு ஒரு புது வசதிகூடக் கொடுக்கவில்லை. எந்த டிரைவரும் வேகமாக ஓடப்போவதில்லை. பல சி ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகளை வைத்திருக்கும் ஹெட்டர் ஃபைல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவதைக் குறைப்பது மட்டுமே நோக்கம். அவர் அளவுகோலாக வைத்திருந்த கான்ஃபிகில் (எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற தேர்வுகளின் தொகுப்பில்) முழு பில்ட் நேரம், அதாவது கோடிலிருந்து கெர்னலை உருவாக்க ஆகும் நேரம், 231 விநாடியிலிருந்து 130 விநாடிக்கு இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு 15.5 பில்ட் என்றிருந்தது 27.7 ஆனது. அதாவது 78 சதவீதம் கூடுதல் வேகம்.

இவ்வளவு பலன் இருந்தும் அந்தத் தொகுப்பு அப்படியே மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வமான பொதுக் கெர்னல் கோடுக்குள்) போகவில்லை. சில பகுதிகள் போயின. அதே வழியில் வேறு சிலர் எழுதிய சிறு தொகுப்புகளும் போயின. எது போனது, எது நின்றது, ஏன் என்பதுதான் இந்த ஆய்வு. பெரிய சி கோட்பேஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

எடை எங்கிருந்து வருகிறது

சி மொழியில் இன்குளூட் என்றால் அந்த ஃபைலை அப்படியே எடுத்து ஒட்டுவது. ஒட்டிய ஃபைலுக்குள் இருக்கும் இன்குளூட் வரிகளும் விரியும், அவற்றுக்குள் இருப்பவையும் விரியும். கம்பைலர் ஒவ்வொரு சி ஃபைலையும் தனித்தனியாகத்தான் எடுக்கிறது. அதனால் ஆயிரக்கணக்கான சி ஃபைல்கள் ஒரே ஹெட்டரை எடுத்தால், அந்த ஹெட்டரை ஆயிரக்கணக்கான தடவை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்கெட்.ஹெச். புரோசஸ்கள் பற்றிய அடிப்படை ஹெட்டர் இதுதான். மோல்னார் தந்த கணக்கின்படி, இந்த ஒரு ஹெட்டரை மட்டும் இன்குளூட் செய்தால், கம்பைலுக்கு முன் இன்குளூட் வரிகளை விரிக்கும் ப்ரீபிராசசர் தன் வேலையை முடித்தபின், கமெண்ட் எல்லாம் நீக்கியும் 13,292 வரிகள் வரும். வழியில் 324 ஹெட்டர்கள் உள்ளே வந்திருக்கும். அவருடைய தொகுப்பைப் போட்டபின் அதே ஹெட்டர் 769 வரிகளாகவும் 64 ஹெட்டர்களாகவும் சுருங்கியது.

ஏன் இவ்வளவு கனம்? ஸ்கெட்.ஹெச்சுக்குள்தான் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் என்ற ஸ்ட்ரக்சர் (பல ஃபீல்டுகளைச் சேர்த்துக் கட்டிய தரவு வடிவம்) இருக்கிறது. ஒரு புரோசஸைப் பற்றிக் கெர்னலுக்குத் தெரிந்த ஏறக்குறைய எல்லாமே அந்த ஸ்ட்ரக்சரில் ஃபீல்டாகவோ பாயிண்டராகவோ தொங்கும். பாயிண்டர், அதாவது வேறிடத்தில் இருப்பதன் முகவரி மட்டும் என்றால் பிரச்சனை இல்லை. 'எம்எம்_ஸ்ட்ரக்ட் என்று ஒரு ஸ்ட்ரக்சர் உண்டு' என ஒரு வரி முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஸ்ட்ரக்சரே உள்ளே பதிந்திருந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. அதன் அளவு தெரியாமல் அடுத்த ஃபீல்ட் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கம்பைலரால் கணக்குப் போட முடியாது. டாஸ்க்_ஸ்ட்ரக்டுக்குள், எந்த புரோசஸ் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்கான ஸ்ட்ரக்சர் பதிந்திருக்கிறது. அதற்குள் ஒரு ரெட்-பிளாக் ட்ரீ நோட் இருக்கிறது. ஸ்பின்லாக் என்ற பூட்டுகள் இருக்கின்றன. லிங்க்ட் லிஸ்ட் தலைகள் இருக்கின்றன. இவற்றில் ஒவ்வொன்றின் முழு வரையறையும் வேண்டும். அந்த வரையறை இருக்கும் ஹெட்டரில் அதோடு சேர்ந்து பத்து இருபது ஃபங்ஷன்களும் இருக்கும். அந்த ஃபங்ஷன்களுக்கு இன்னும் நாலு ஹெட்டர் வேண்டும்.

இன்லைன் ஃபங்ஷன்கள், அதாவது அழைக்கும் இடத்திலேயே கோடு செருகப்படும் ஃபங்ஷன்கள், இன்னொரு பக்கம். எம்எம்கிராப் என்று ஒரு குட்டி ஃபங்ஷன். ஒரு எம்எம்_ஸ்ட்ரக்டின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை ஒன்று கூட்டும், அவ்வளவுதான். ஒரே வரி. ஆனால் அது இன்லைனாக ஹெட்டரில் இருப்பதால், அந்த ஒரு ஃபீல்டைத் தொடுவதற்காக எம்எம்_ஸ்ட்ரக்டின் முழு வரையறையும் கண்முன் இருந்தாக வேண்டும். வேகத்துக்காக இன்லைன் ஆக்கியது, கம்பைல் நேரத்தில் ஒரு பெரிய ஹெட்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இந்தச் சிக்கல் பில்ட் நேரத்தோடு நிற்பதும் இல்லை. டாஸ்க்_ஸ்ட்ரக்டின் முதல் ஃபீல்ட் த்ரெட்_இன்ஃபோ. அதற்கு மேலே ஒரு கமெண்ட் இருக்கிறது: ஹெட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதால் இது முதல் ஃபீல்டாகத்தான் இருக்க வேண்டும் என்று. காரணம் இதுதான். த்ரெட்_இன்ஃபோவை எடுக்கும் மேக்ரோ (ப்ரீபிராசசர் கோடாக விரிக்கும் சுருக்கப்பெயர்) மிகக் கீழ்மட்ட ஹெட்டரில் இருக்கிறது. அங்கே டாஸ்க்_ஸ்ட்ரக்டின் வரையறையை இழுத்தால் வட்டம் சுற்றிவிடும். அதனால் வரையறையே பார்க்காமல், ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க்கின் பாயிண்டரை நேராக த்ரெட்_இன்ஃபோ பாயிண்டராக மாற்றிக்கொள்கிறார்கள். அது முதல் ஃபீல்டாக இருந்தால் மட்டுமே இந்த வேலை நடக்கும். மெமரியில் ஒரு ஸ்ட்ரக்சர் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பதை இன்குளூட் வரிசை முடிவு செய்கிறது! கெர்னல் ஹெட்டர்களின் நிலையை ஒருவருக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் இந்தக் கமெண்டைத்தான் காட்டுவேன்.

கேட்காமலே வந்து சேர்வது

பேட்ச் அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று கெர்னல் ஆவணத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு விதி இப்படிப் போகிறது: ஒரு வசதியைப் பயன்படுத்தினால் அதை அறிவிக்கும் ஹெட்டரை நீங்களே இன்குளூட் செய்யுங்கள், வேறொரு ஹெட்டர் கொண்டுவந்து தரும் என்று நம்பியிருக்காதீர்கள். நல்ல விதி. ஆனால் கம்பைலர் இதைக் கேட்பதில்லை. எந்த வழியாக வந்தாலும் பெயர் தெரிந்தால் அதற்குப் போதும். அதனால் விதி எழுத்தில் இருக்கும், கோடு வேறு மாதிரி இருக்கும்.

இதன் விலை என்ன என்பது 2010 மார்ச்சில் தெரிந்தது. பெர்சிபியு.ஹெச் என்ற ஹெட்டர் ஸ்லாப்.ஹெச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த பெர்சிபியு.ஹெச்சை ஸ்கெட்.ஹெச்சும் மாட்யூல்.ஹெச்சும் இழுத்தன. விளைவு, ஸ்லாப்.ஹெச்சில் உள்ள, மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனான கேமாலாக் ஏறக்குறைய எல்லா சி ஃபைலுக்கும் கேட்காமலே கிடைத்தது. யாரும் ஸ்லாப்.ஹெச்சை எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் வரவில்லை. டெஜுன் ஹியோ அந்த ஒரு இணைப்பை வெட்ட நினைத்தபோது, வெட்டுவதற்கு முன்னால் கெர்னல் முழுக்கத் தேடி, கேமாலாக் வகையறாவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபைலிலும் ஸ்லாப்.ஹெச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. கையால் முடிகிற வேலையா? ஸ்கிரிப்ட் எழுதினார். பக்கத்தில் உள்ள இன்குளூட் வரிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்து, அதற்கு ஒட்டினாற்போல் புது வரியைச் செருகும் ஸ்கிரிப்ட். அப்புறம் பல ஆர்க்கிடெக்சர்களில் (பிராசசர் வகைகளில்) கம்பைல் செய்து, மிச்சமிருந்ததைக் கையால் சரிசெய்தார்கள்.

அடுத்த வருடம் பால் கார்ட்மேக்கர் மாட்யூல்.ஹெச்சில் இதே வேலையைச் செய்தார். பல ஃபைல்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபங்ஷனை வெளியே தெரியவைக்கும் மேக்ரோ மட்டும். அதற்காக மாட்யூல் ஹெட்டர் முழுவதும் வந்துகொண்டிருந்தது. அந்த மேக்ரோவை எக்ஸ்போர்ட்.ஹெச் என்று தனியாகப் பிரித்தார். அது 3.2 பதிப்பில் வந்தது.

ஆர்க்கிடெக்சர் விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எக்ஸ்86-இல் ஒரு ஹெட்டர் தற்செயலாக இன்னொன்றைக் கொண்டுவரும், எஸ்390-இல் கொண்டுவராது. ஒரு கான்ஃபிக் தேர்வை ஆன் செய்தால் வரும், ஆஃப் செய்தால் வராது. அதனால் உங்கள் கணினியில் பில்ட் ஆகிறது என்பது எதற்கும் சாட்சி இல்லை. ஹெட்டரில் ஒரு வரியை நீக்கினால் எங்கே உடையும் என்பது அத்தனை ஆர்க்கிடெக்சரிலும், அத்தனை கான்ஃபிக் கலவையிலும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

2017: உடைக்காமல் பிரிப்பது

ஸ்கெட்.ஹெச்சை முதலில் பெரிய அளவில் பிரித்தது 2017-இல், 4.11 பதிப்புக்காக. அதையும் செய்தவர் மோல்னார்தான். சிக்னல் சம்பந்தப்பட்டவை ஒரு ஹெட்டருக்கு, மெமரி சம்பந்தப்பட்டவை ஒன்றுக்கு, டாஸ்க் ஸ்டாக் ஒன்றுக்கு என்று ஸ்கெட் என்ற பெயரிலேயே ஒரு டைரக்டரி உருவாகி அதற்குள் போய் உட்கார்ந்தன.

அவர் போன வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பேட்சில் புது ஹெட்டரை உருவாக்குவார். அதற்குள் எதுவும் இருக்காது. பழைய ஸ்கெட்.ஹெச்சை இன்குளூட் செய்யும் ஒரே வரி மட்டும் இருக்கும். அதே பேட்சில், இனிமேல் அந்தப் பகுதி தேவைப்படும் ஃபைல்கள் எல்லாம் புது ஹெட்டரை இன்குளூட் செய்யும்படி மாற்றுவார். இந்தக் கட்டத்தில் எதுவும் உடைய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் பொருள் எதுவும் இடம் மாறவில்லை. எல்லாரும் புது வாசலுக்கு வந்தபிறகு, தனி பேட்சில் கோடை பழைய ஹெட்டரிலிருந்து புதியதற்கு நகர்த்துவார். நடுவில் எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நிறுத்தினாலும் கெர்னல் கம்பைல் ஆகும். பின்னாளில் ஏதோ ஒரு பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுபவருக்கு (பைசெக்ட் செய்பவருக்கு) நடுவழியில் கம்பைல் ஆகாத கமிட் குறுக்கே வராது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து பேட்சைப் பார்க்கும் மெயின்டெய்னருக்கும் 'இது சரியா' என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பார்த்தவுடன் சரி என்று தெரியும்படி ஒரு மாற்றத்தை வெட்டித் தருவது பெரிய திறமை.

உழைப்பும் பலனும் ஒரே வேகத்தில் போகாத இடம்

சரி, இனி 2022 தொகுப்புக்கு வருவோம். மோல்னார் அதைத் தொடங்கியது 2020 கடைசியில். 50 முதல் 100 பேட்ச் போட்டால் 20 சதவீதம் வேகம் கிடைக்கும் என்பது அவருடைய ஆரம்பக் கணக்கு. 2021 நடுவில் 500 கமிட்டைத் தாண்டியபோது கிடைத்தது 4 சதவீதம். அதற்குள் இரண்டு முயற்சிகளைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. மூன்றாவது முயற்சியில் 1,000 கமிட் ஆனபோதும் 10 சதவீதத்தை எட்டத்தான் முடிந்தது. 1,500-ஐத் தாண்டியபிறகுதான் வேகம் ஏற ஆரம்பித்தது. அப்புறம் 20 சதவீதத்தைக் கடந்து 78 வரை போனது. இந்த எண்களை அவரே அறிவிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நிகழ்வில் முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. ஏன் அப்படி ஆயிற்று என்று யோசித்தால் காரணம் எளிது. ஒரு கனமான ஹெட்டர் ஒரு சி ஃபைலுக்குள் வருவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஊருக்குள் வர பத்துச் சாலை இருந்து ஒன்பதை அடைத்தாலும், லாரி பத்தாவது வழியாக வந்து நிற்கும். ஒன்பது பேட்சுக்கும் பலன் சுழியம். பத்தாவது பேட்ச் போட்டவுடன் மொத்த எடையும் ஒரேயடியாக இறங்கும். அந்தப் பத்தாவது பேட்ச் எது என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு பேட்சைத் தனியாக எடுத்து 'இதனால் என்ன லாபம், எண் காட்டு' என்று மெயின்டெய்னர் கேட்டால், நேர்மையான பதில் பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்பதாகத்தான் இருக்கும்.

அதனால் இந்த மாதிரி வேலை எங்கு நடந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது. முதல் சில வாரங்களில் அளந்து பார்ப்பார்கள், எண் நகராது, கைவிட்டுவிடுவார்கள். மோல்னார் 1,000 கமிட்டுக்கு அப்புறமும் விடாமல் போனதால்தான் அந்த வளைவு இப்படி இருக்கும் என்பதே நமக்குத் தெரிந்தது.

டாஸ்க்_ஸ்ட்ரக்டைத் திறந்த சாவி

மூன்றாவது முயற்சியில் அவர் கொண்டுவந்தது பெர்_டாஸ்க் என்ற ஏற்பாடு. டாஸ்க்_ஸ்ட்ரக்டில் பதிந்திருந்த ஃபீல்டுகள் பலவற்றை அந்த ஸ்ட்ரக்சரிலிருந்து வெளியே எடுத்து, அதற்குப் பின்னால் இருக்கும் தனிப் பகுதியில் வைத்தார். எந்த ஃபீல்ட் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற எண் பில்டின் தொடக்கத்தில் கணக்கிடப்பட்டு ஒரு ஹெட்டரில் எழுதப்படும். பயன்படுத்தும் இடத்தில் அம்புக்குறி போட்டு ஃபீல்டை எடுப்பதற்குப் பதிலாக, டாஸ்க்கையும் ஃபீல்டின் பெயரையும் பெர்_டாஸ்க் மேக்ரோவுக்குக் கொடுக்க வேண்டும்.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. ஸ்கெட்.ஹெச்சுக்கு இனி அந்த ஃபீல்டுகளின் வகை என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. அந்த ஃபீல்டைத் தொடுகிற ஃபைலுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எல்லா ஃபீல்டின் முழு வரையறையும் தேவைப்படுவது அந்தப் பகுதியை ஒன்றுசேர்த்து அமைக்கும் ஒரே இடத்தில்தான்.

நஷ்டமும் உண்டு. கெர்னல் முழுக்க ஃபீல்டை எடுக்கும் விதமே மாறுகிறது. ஒரு ஃபீல்டைச் சேர்க்க வேண்டுமென்றால் அறிவிப்பு ஓரிடத்திலும் வரையறை வேறிடத்திலும் போகிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சி தெரிந்தவர் ஸ்ட்ரக்சரைத் திறந்து படித்தால் புரிந்துவிடும் என்ற எளிமை போய்விடுகிறது.

பெர்_டாஸ்க் தவிர மற்ற உத்திகள் பழக்கமானவைதான். ஹெட்டரில் இருந்த இன்லைன் ஃபங்ஷன்களை சி ஃபைலுக்கு மாற்றுவது. வகை வரையறைகளை ஒரு ஹெட்டரிலும் ஃபங்ஷன்களை இன்னொன்றிலும் வைப்பது. யார் யாருக்கு எது தேவையோ அதை நேரடியாக இன்குளூட் செய்யவைப்பது.

ஏன் முழுதாகப் போகவில்லை

25,000 ஃபைல்களைத் தொடும் தொகுப்பு என்றால், கெர்னலில் உள்ள ஒவ்வொரு மெயின்டெய்னரின் கிளையோடும் மோதும். இன்று சரிசெய்தால் அடுத்த வாரம் வேறிடத்தில் மோதும். பழைய நிலையான (ஸ்டேபிள்) பதிப்புகளுக்குப் பிழைத்திருத்தங்களைக் கொண்டுபோகிறவர்களுக்கு, இன்குளூட் வரிகள் எல்லாம் மாறியிருந்தால் ஒவ்வொரு பேட்சும் ஒட்டாமல் படுத்தும். 2,297 பேட்சையும் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது என்பதும் நடக்கிற காரியம் இல்லை. 78 சதவீதம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த 78-ஐத் தவணை முறையில் வாங்க வழி இல்லாமல் போனதுதான் பிரச்சனை.

தவணையாகப் பிரிக்க முடிந்தவை உள்ளே போயின. ஷெட்யூலரின் சொந்த டைரக்டரியில் இருந்த பல சி ஃபைல்களைச் சேர்த்து இரண்டு மூன்று பெரிய கம்பைல் அலகுகளாக்கிய மாற்றம் 5.18-இல் வந்தது. ஒரே ஹெட்டர் கூட்டத்தை இருபது தடவை படிப்பதற்குப் பதில் சில தடவை படித்தால் போதும். அதன் மெயின்டெய்னர்களில் மோல்னாரும் ஒருவர் என்பதால் மோதல் வெளியே போகவில்லை.

2024 ஜனவரியில், 6.8 பதிப்புக்காக, கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் ஹெட்டர் சுத்திகரிப்புத் தொகுப்பு சேர்ந்தது. அவர் வைத்துக்கொண்ட இலக்கு தெளிவானது: ஸ்கெட்.ஹெச்சில் வகை (டைப்) வரையறைகள் மட்டும் இருக்க வேண்டும். மியூடெக்ஸ், பிஐடி (புரோசஸ் எண்), செமாஃபோர், செக்காம்ப் ஆகிய கெர்னல் வசதிகளின் வகைகளைத் தனித்தனி 'டைப்ஸ்' ஹெட்டருக்குப் பிரித்தார். பிஐடி உதவி ஃபங்ஷன்களை அவற்றின் சொந்த ஹெட்டருக்கே அனுப்பினார். ஆர்செக் என்ற இன்னொரு வசதி சம்பந்தப்பட்டதை வெளியே எடுத்தார். டாஸ்க்_ஸ்ட்ரக்டைத் தொடும் கோடு எதுவும் மாறவில்லை. அம்புக்குறி அம்புக்குறியாகவே இருக்கிறது. அளவும் ஒரு மனிதர் படித்து ஒப்புக்கொள்ளக்கூடிய அளவு.

இந்த 'டைப்ஸ்' வழி புதிதில்லை. 2005-இல் ஸ்பின்லாக் கோடை ஒழுங்குபடுத்தியபோதே ஸ்பின்லாக்_டைப்ஸ்.ஹெச் தனியாகப் பிரிந்துவிட்டது. பதினெட்டு வருடத்துக்கு மேலாகத் தாக்குப்பிடித்த உத்தி. ஒரு ஸ்ட்ரக்சருக்குள் பூட்டைப் பதிக்க விரும்புபவருக்குப் பூட்டின் அளவு மட்டும் தெரிந்தால் போதும். பூட்டுவது எப்படி என்று தெரிய வேண்டியதில்லை. பூட்டுகிற சி ஃபைல் மட்டும் முழு ஹெட்டரையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆண்டி ஷெவ்செங்கோ கெர்னல்.ஹெச்சை இதே பொறுமையோடு பிரித்துவந்தார். கண்டதையும் போட்டுவைக்கும் இடமாக இருந்த அந்த ஹெட்டரிலிருந்து இரண்டு மதிப்புகளில் சிறியதையும் பெரியதையும் தரும் மின், மேக்ஸ் மேக்ரோக்கள் 5.10-இல் தனி ஹெட்டருக்குப் போயின, ஒரு ஃபீல்டின் முகவரியிலிருந்து அதன் ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடிக்கும் கன்டெய்னர்_ஆஃப் 5.16-இல் போனது. ஒவ்வொன்றும் சிறியது. பில்ட் நேரத்தில் பெரிய மாற்றம் காட்டாதது. ஆனாலும் மேலே சொன்ன பத்துச் சாலைகளில் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிட்டுப் போனது.

மின், மேக்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஹெட்டரின் எடை இன்குளூட் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. வகைச் சோதனைக்காக அந்த மேக்ரோக்களுக்குள் அடுக்கடுக்காக மேக்ரோக்கள் சேர்ந்திருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக அவற்றை எழுதினால் விரிவு பெருக்கல் கணக்கில் வளரும். 2024-இல் ஸென் (விர்ச்சுவல் மெஷின்களுக்கான பகுதி) கோடில் ஒரே ஒரு வரி 47 எம்பி அளவுக்கு விரிகிறது என்று ஆர்ண்ட் பெர்க்மன் கண்டுபிடித்துக் காட்டினார். அதன்பின் மேக்ரோக்கள் எளிமையாக்கப்பட்டன.

தங்கள் கோடில் செய்ய நினைப்பவர்களுக்கு

முதலில் பாருங்கள். கெர்னல் சோர்ஸில் எந்த சி ஃபைலின் பெயரையும் சி-க்குப் பதில் ஐ என்று முடித்து மேக் கட்டளைக்குக் கொடுத்தால், ப்ரீபிராசசர் விரித்த ஃபைல் கிடைக்கும். வரிகளை எண்ணிப் பாருங்கள். ஜிசிசி கம்பைலரில் பெரிய ஹெச் ஆப்ஷனைக் கொடுத்தால் எந்த ஹெட்டர் எதன் வழியாக வந்தது என்று புள்ளிகளால் ஆழம் காட்டி அச்சிடும். அதில் கனமாகத் தெரியும் ஹெட்டரை வேறு எத்தனை ஹெட்டர்கள் இன்குளூட் செய்கின்றன என்று சோர்ஸில் தேடுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் உழைப்பின் அளவு.

வகை ஹெட்டரைப் பிரிப்பதில் தொடங்குங்கள். வெறும் வாசலாக ஒரு புது ஹெட்டர், அதற்கு எல்லாரையும் மாற்றுவது, அப்புறம் கோடை நகர்த்துவது என்ற 2017 வரிசை சின்ன புராஜெக்டுக்கும் பொருந்தும். முதல் மாதத்தில் பில்ட் நேரம் குறையவில்லை என்று மேலாளர் கேட்டால், மோல்னாரின் 500, 1,000, 1,500 கமிட் எண்களைக் காட்டுங்கள். பலனை வேறு அளவுகோலிலும் காட்டலாம்: ஒரு ஹெட்டரைத் தொட்டால் எத்தனை ஃபைல் மறுபடி கம்பைல் ஆகிறது என்பது ஒவ்வொரு இணைப்பு அறுபடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்ட் இந்த விஷயத்தில் ஒரு ஹெட்டருக்குத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறது. எல்லா கான்ஃபிக் தேர்வுகளும் ஆட்டோகான்ஃப்.ஹெச் என்ற ஒரே ஃபைலில் இருக்கின்றன. அதை எல்லா சி ஃபைலும் எடுக்கிறது. அப்படியானால் ஒரு தேர்வை மாற்றினால் மொத்த கெர்னலும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். ஃபிக்ஸ்டெப் என்ற சிறு நிரல் அந்தச் சார்பை நீக்கிவிட்டு, ஒவ்வொரு ஃபைலும் எந்தெந்த கான்ஃபிக் பெயரைக் குறிப்பிடுகிறதோ அதை மட்டும் சார்பாக எழுதிவைக்கிறது. ஸ்கெட்.ஹெச்சுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. பெர்_டாஸ்க் மெயின்லைனில் இல்லை; டாஸ்க்_ஸ்ட்ரக்ட் 6.8-இலும் அதே ஹெட்டரில்தான் இருந்தது, த்ரெட்_இன்ஃபோ அதன் முதல் ஃபீல்டாக.